‘தி அதர்ஸ்’ திரைப்படம்: பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலும், கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் நண்பர்கள் கூடிப் படம் பார்த்துவிட்டுப் பேசும் இடங்களில், வேறெந்தப் பேய்ப்படத்தையும்விட அதிகமான வாக்குவாதத்தை எழுப்பியிருப்பது ‘தி அதர்ஸ்’ என்ற உளவியல் திகில் படமே. அந்தப் பேச்சுகளில் மீண்டும் மீண்டும் வரும் கேள்விகளும், அவற்றுக்கு நான் சொல்லிவருகின்ற பதில்களும் கீழே உள்ளன. முதல் மூன்று கேள்விகளை எவரும் வாசிக்கலாம். நான்காவது கேள்வியிலிருந்து முடிவு வெளிப்படையாகப் பேசப்படுவதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து வாசிப்பது நல்லது.

இது என்ன படம்? யார் எடுத்தது?

2001ஆம் ஆண்டு வெளியான ஆங்கிலப் படம். எழுதி நெறிப்படுத்தி இசையும் அமைத்தவர் அலெஹாந்திரோ அமெனாபார். சிலி நாட்டில் பிறந்து ஸ்பெயினில் வளர்ந்தவர். நிக்கோல் கிட்மன் கிரேஸ் என்ற தாயாக நடித்தார். கதை 1945இல் ஜேர்சித் தீவில் நடக்கிறது. படப்பிடிப்பு நடந்ததோ ஸ்பெயினின் வடக்கேயுள்ள கந்தாப்பிரியாவின் ஒரு மாளிகையில். ஏறத்தாழ 170 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்டு 20 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. ஸ்பெயினின் கோயா விருதுகள் எட்டை வென்றது. ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூடப் பேசப்படாமல் சிறந்த படத்துக்கான கோயாவைப் பெற்ற முதற்படமும் இதுதான்.

போர் முடிந்த காலம். கணவன் போருக்குப் போனவன், திரும்பவில்லை. வெளிச்சம் உடலில் பட்டால் உயிருக்கே ஆபத்தாகும் நோயுள்ள ஆன், நிக்கலஸ் என்ற இரு பிள்ளைகளுடன் கிரேஸ் பெரிய வீடொன்றில் தனித்திருக்கிறாள். யன்னல்கள் எல்லாம் திரையிட்டு மூடப்பட்டிருக்கும். ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்த கதவைத் திறக்கக்கூடாது என்பது வீட்டின் சட்டம். இடுப்பில் திறப்புக் கோர்வையோடு நடமாடும் அவளிடம் மூன்று வேலையாட்கள் வந்து சேர்கிறார்கள். அதன்பின் வீட்டுக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று ஆன் சொல்லத் தொடங்குகிறாள்.

முடிவு எனக்கு முன்பே தெரிந்துவிட்டது. இனிப் பார்ப்பதில் பயனுண்டா?

உண்டு. முடிவு தெரிந்த கதையைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கு நடக்கும்போது கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. கோவலன் வெட்டுண்டு மாளப் போகிறான் என்பதை அறியாத ஒருவரும் அந்தக் கோயில் வீதியில் இல்லை, ஆயினும் அந்த இடம் வரும்போது கண் கலங்காமல் இருப்பவரும் குறைவு. வடமோடிக் கூத்தை விடியவிடியப் பார்ப்பவர்களும் யார் களத்தில் விழுவார் என்று அறிந்தே களரியைச் சுற்றி அமர்கிறார்கள். ஆகவே முடிவு தெரிந்தால் படம் செத்துவிடும் என்ற எண்ணம், முடிவைத் தவிர வேறெதுவும் இல்லாத படங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். கூத்தில் அதைப் பழக்கும் அண்ணாவியாரும் பார்ப்பவரும் ஒரே கதையை அறிந்தவர்கள். இந்தப் படத்தில் நெறியாளர் அறிந்ததை நாம் அறியாமல் இருப்பதே முதல் தடவைக்குரிய அனுபவம். அந்த ஒரு தடவையை மற்றவரிடமிருந்து பறிக்காதீர்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துக்காரருக்குக் கேட்கும்படி முடிவை உரத்துப் பேசுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

இரத்தமோ கோரமான உருவங்களோ ஏறத்தாழ இல்லை. அதை நம்பிச் சிறுபிள்ளைகளை அமர்த்த வேண்டாம். பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையும் தற்கொலையும் கதையின் நடுவில் இருக்கின்றன. பதின்மூன்று, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இது ஏற்றதல்ல என்பது என் முடிவு. அத்தகைய இழப்பை வீட்டில் கண்ட பெரியவர்களிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பார்த்தபின் மனம் தேறாமல் இருப்பவர்கள், இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் பேசலாம்.

முடிவில் உண்மையில் நடப்பது என்ன?

வீட்டில் உலாவும் ‘மற்றவர்கள்’ உயிருள்ளவர்கள். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த விக்டர் என்ற சிறுவனின் குடும்பத்தார். ஆவிகளாக இருப்பவர்கள் கிரேஸும் அவளுடைய பிள்ளைகளும். மூன்று வேலையாட்களும் 1891இல் காசநோயால் இறந்தவர்கள்.

பெரும்பாலானோர் இத்துடன் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது முடிவின் பாதிதான். ஆவிகளோடு பேசும் முதியவள் ஒருத்தி மேசையில் அமர்ந்து, பிள்ளைகள் சொல்வதைத் தாளில் கிறுக்குகிறாள். அங்கே வெளிவரும் உண்மை, பிள்ளைகளைத் தலையணையால் மூச்சடைத்துக் கொன்றவள் தாயே என்பது. பிறகு அவள் துவக்கால் தன்னையும் மாய்த்துக்கொண்டாள். மாய்ந்தபின் பிள்ளைகள் அறையில் சிரித்து விளையாடும் சத்தம் கேட்டதாகவும், நல்ல தாயாக இருக்க இறைவன் இன்னொரு வாய்ப்புத் தந்துவிட்டான் என்று எண்ணியதாகவும் கடைசியில் அவளே சொல்கிறாள். ‘யார் பேய்?’ என்பது முதற் திருப்பம். ‘இந்தத் தாய் என்ன செய்தாள்?’ என்பது இரண்டாவது. நம் பக்கத்தில் நடக்கும் வாக்குவாதங்களில் சூடானவை எல்லாம் இரண்டாவதிலிருந்தே பிறக்கின்றன. படத்தின் பெறுமதியும் அங்கேதான் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

இது பார்வையாளரை ஏமாற்றும் வேலை அல்லவா?

மறைத்ததற்கும் பொய் சொன்னதற்கும் வேறுபாடுண்டு. கிரேஸ் அறியாத உண்மையைப் படம் நமக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். பொய்யான காட்சி ஒன்றைக் காட்டிவிட்டுப் பின்னர் ‘அது கனவு’ என்று கைகழுவும் படங்களோடு இதைச் சேர்க்க முடியாது.

குறிப்புகள் தொடக்கத்திலிருந்தே கண்முன் கிடக்கின்றன. முதற்காட்சியே கட்டிலில் கிரேஸ் அலறிக்கொண்டு விழிப்பதுதான். வேலையாட்கள் வேண்டுமென்று பத்திரிகைக்கு எழுதிய கடிதம் தபாற்பெட்டியிலிருந்து எடுக்கப்படவே இல்லை என்பதை அவளே கண்டுபிடிக்கிறாள். அப்படியானால் இவர்கள் எப்படி வந்தார்கள்? முன்பிருந்த வேலையாட்கள் சொல்லாமற் கொள்ளாமல் மறைந்துவிட்டார்கள். போதகர் வரவில்லை, அயலவர் வரவில்லை. தேடிப் போனால் வளவைத் தாண்டவிடாமல் மூடுபனி சூழ்ந்துகொள்கிறது. ‘அன்றைக்கு அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்ததே’ என்று ஆன் தம்பியிடம் பேசும் பேச்சை, அடங்காத பிள்ளையின் வாய் என்று நாம் தள்ளிவிடுகிறோம். தோட்டக்காரர் டட்டில் சருகுகளை வாரி எதையோ மூடுவதையும் பார்க்கிறோம். இவ்வளவையும் காட்டியபின் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது நியாயமில்லை.

நான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அப்படியானால் படம் தோல்விதானே?

இதைச் சொல்பவர்களிற் பலர் 1999இல் வந்த ‘சிக்ஸ்த் சென்ஸ்’ படத்தை முதலில் பார்த்தவர்கள். அதை எடுத்த நைட் சியாமளன் புதுச்சேரியைச் சேர்ந்த மாகியில் பிறந்தவர் என்பதால் நம்மிடையே அந்தப் படத்துக்குத் தனி மதிப்பு. ஒரு திருப்பத்தில் அகப்பட்டவர் அடுத்த படத்தில் விழிப்போடு உட்காருவது இயல்பு. ஆனால் பாதியில் கண்டுபிடித்ததாகச் சொல்பவர்களிடம் ‘தலையணையையும் ஊகித்தீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்பதே பெரும்பாலும் பதில்.

கணவன் சார்ல்ஸ் எதற்காக வந்து, எதற்காகப் போகிறான்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. ‘அந்தப் பகுதியை வெட்டியிருந்தால் படம் விறுவிறுப்பாக இருந்திருக்கும்’ என்ற குறையும் சேர்ந்தே வரும். அவனும் இறந்தவன்தான் என்பதே பொதுவான விளக்கம். படம் அதை நேரடியாகச் சொல்வதில்லை. பனிக்குள் எதிர்ப்படுகிறான், வீட்டுக்கு வருகிறான், உண்ணாமல் பேசாமல் கிடக்கிறான். அன்று நடந்ததைப் பற்றி ஆன் சொன்னதைக் கேட்டறிந்தபின் மனைவியிடமே அதைக் கேட்கிறான். போர் முடிந்த பிறகும் ‘நான் போர்முனைக்குத் திரும்ப வேண்டும்’ என்று சொல்லிவிட்டு, விடியுமுன் மறைந்துவிடுகிறான்.

விறுவிறுப்புக் குறைகிறது என்ற குறையை மறுக்கவில்லை. எனினும் கிழக்கில் இந்தப் பகுதியைப் பார்ப்பவர்கள் அசையாமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். போனவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், திதி குறித்துத் திவசம் கொடுக்கவும் மனம் ஒப்பாமல், வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. குறிசொல்பவர்களிடம் கட்டுக் கேட்டு, வாக்குக் கேட்டு, ‘உயிரோடு இருக்கிறார்’ என்ற ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டைச் சேர்ந்த ஒருவருக்கு, வந்தவன் வந்தும் வராதவனாக ஒரு இரவு கிடந்துவிட்டுப் போகும் காட்சி, கதை ஓட்டத்தின் தடையாகத் தோன்றாது. போர் என்பது படத்தின் பின்னணித் திரை மட்டுமல்ல என்பது சார்ல்ஸ் வரும் இடத்தில்தான் விளங்குகிறது.

ஜேர்சித் தீவு 1940 யூலை முதல் 1945 மே 9 வரை ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தது. அவர்கள் அடிக்கடி மின்சாரத்தைத் துண்டித்ததால் அது இல்லாமலே வாழப் பழகிவிட்டோம் என்று கிரேஸ் ஓரிடத்தில் சொல்கிறாள். மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, பொழுதுபட்டால் கதவைச் சாத்தி, வெளியே காலடிச் சத்தம் கேட்டால் விளக்கைத் தணித்து வளர்ந்த தலைமுறைக்கு அந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

இறந்தவர்களின் புகைப்படத் தொகுப்பைக் கண்டு கிரேஸ் ஏன் அவ்வளவு திடுக்கிடுகிறாள்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இறந்தவரை உறங்குபவர்போல் அமர்த்திப் படமெடுத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதை அறியாத கிரேஸுக்கு அந்தத் தொகுப்பு அருவருப்பைத் தருகிறது. நம் பார்வையாளர் இந்த இடத்தில் அவ்வளவாக அசைவதில்லை. பிரேதத்தைச் சுற்றிக் குடும்பமே நின்று எடுத்த படம் ஒன்றேனும் பழைய அல்பங்களில் இருக்கும் வீடுகள் நமக்குப் பழக்கமானவை. அதனால் திடுக்கிட வேண்டிய காட்சி இங்கே கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. பின்னர் அதே வகைப் படமொன்றில் மூன்று வேலையாட்களும் ஒன்றாகத் தோன்றும்போது கிடைக்கும் அதிர்ச்சி மட்டும் எங்கும் ஒன்றுதான்.

எனக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இதைப் பேய்ப்படம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.’ இவற்றில் விலங்கைத் தவிர்த்து மற்ற மூன்றும் இந்த வீட்டுக்குள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அணங்கு. பூட்டிய வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள் என்று கிரேஸ் துவக்கோடு தேடும் கள்வர். பிள்ளைகளுக்கோ தம்மை ஆளும் இறையாகிய தாய். படம் ஓடும் நேரமெல்லாம் முதலிரண்டையும் நாம் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம்; பிள்ளைகள் பயந்தது மூன்றாவதற்கு. அதே இயலில் அழுகைக்குச் சொல்லப்படும் நான்கு காரணங்களுள் ஒன்று இழவு. அச்சத்திலிருந்து இழவுக்குப் படம் இடம்மாறும் கணமே அந்தத் தலையணை பற்றிய உண்மை வெளிவரும் கணம். ஆகவே அழுதவர் படத்தைப் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. பயம் மட்டும் அடைந்து எழுந்துபோனவரைப் பற்றியே எனக்குச் சந்தேகம்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் நாடகங்களை நம் நாடகவியலோடு வைத்து ஆராய்ந்தார். பிறமொழிப் படமொன்றுக்கு மெய்ப்பாட்டை அளவுகோலாக எடுப்பதைச் செயற்கை என்று குறை சொல்லும் இளைஞர்களுக்கு அதைத்தான் நினைவூட்டுவேன்.

சமய நோக்கில் இந்தப் படம் தவறானது என்கிறார்களே?

ஒவ்வொரு சாராரும் ஒவ்வொரு காரணத்துக்காகச் சொல்கிறார்கள். முஸ்லிம் நண்பர்களின் மறுப்பு தெளிவானது: இறந்தவரின் ஆன்மா மறுமை வரையான பர்ஸக் எனும் இடைநிலையில் இருக்கும், வீட்டில் உலாவாது, உலாவுவதாகத் தோன்றுவது ஜின்னாக இருக்கலாமே ஒழிய மனிதராக இருக்க முடியாது. சைவர்களுக்கு அகால மரணமடைந்தவர் அலைவதில் வியப்பில்லை. அவர்கள் கேட்பது வேறு. எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத் திவசம் என்று உரியதைச் செய்ய யாரும் இல்லாததால்தானே இந்தக் கதி என்பார்கள். கத்தோலிக்கர்களுக்கே படம் மிக நெருக்கமாக முட்டுகிறது. ஏனெனில் கிரேஸ் கடும் பக்தியுள்ளவள்; பாவம் செய்த பிள்ளைகளுக்கு மறுமையில் என்ன நேரும் என்று ஓயாமல் பாடம் நடத்துகிறவள். இறந்தவர் பாவம் தீரும்வரை துன்புறும் இடமாகிய உத்தரிக்கிற ஸ்தலத்தையும் அதையொட்டிய போதனைகளையும் ஞாயிறுப் பள்ளியில் மனனம் செய்தவர்கள் அந்தப் பாடக் காட்சிகளில் சிரித்தும்விடுகிறார்கள்.

முடிவில், தாய் பாடத்தில் சொன்ன மறுமையின் இடங்களெல்லாம் எங்கே இருக்கின்றன என்று மகள் கேட்க, உன்னைவிட எனக்கு எதுவும் அதிகமாகத் தெரியாது என்று கிரேஸ் ஒப்புக்கொள்கிறாள். இதைச் சமய நிந்தை என்பவர்களோடு நான் உடன்படவில்லை. மறுமையைப் பற்றி எந்தச் சமயம் சொல்வது சரி என்று படம் வாதிடவே இல்லை. அச்சுறுத்தலையே பக்தியாக ஊட்டிய ஒருத்தியின் உறுதி குலைவதைக் காட்டுகிறது.

கிரேஸுக்கு மனநோயா? அவளை மன்னிக்கலாமா?

நோயின் பெயரைப் படம் சொல்லவில்லை. நாமும் சூட்ட வேண்டியதில்லை. படம் தரும் நிலைமையைப் பார்த்தாலே போதும். கணவன் இல்லை, அந்நியப் படை, வெளிச்சம் படாமல் காக்கவேண்டிய இரு பிள்ளைகள், உதவிக்கிருந்தவர்களும் போய்விட்டார்கள். தனிமை ஒருவரை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதற்கு இது போதுமான காரணம்.

மன்னிப்புப் பற்றிய பேச்சில் ஆண்களும் பெண்களும் பிரிந்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எதிர்பார்த்த திசையில் அல்ல. ‘பாவம், என்ன செய்வாள்’ என்று முதலில் இரங்குபவர்கள் அநேகமாக ஆண்கள். தாய்மார் அவ்வளவு எளிதில் இளகுவதில்லை: போர்க்காலத்தில் இதைவிடக் கொடிய நிலையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்த பெண்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் தலையணையைத் தூக்கவில்லை என்று முகத்திலடித்தாற்போலச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதேவேளை தாங்க முடியாமற்போனவர்களும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி ஊர் பேசுவதில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்ன பெண்ணும் உண்டு. படம் பக்கம் சாய்வதில்லை. அவளுக்குத் தண்டனையும் தரவில்லை, விடுதலையும் தரவில்லை. பிள்ளைகளை மட்டும் அவள் மடியிலேயே விட்டுவிடுகிறது. இதை ஆறுதலாகக் கொள்வதா, கொடூரமாகக் கொள்வதா என்பதில் என் கருத்து இரண்டாவது பக்கமே. கொன்றவளிடமிருந்து அந்தப் பிள்ளைகளுக்கு இனி விடுதலையே இல்லை.

‘இந்த வீடு எங்களுடையது’ என்று முடிப்பது வெற்றியா?

வெற்றிபோலத் தோன்றும்படி எடுத்திருக்கிறார்கள்: உயிருள்ளவர்கள் வெளியேறுகிறார்கள், வீடு விற்பனைக்கு என்ற பலகை தெரிகிறது, பிள்ளைகள் வெயிலில் நின்று விளையாடுகிறார்கள், வெளிச்சம் இனி அவர்களை ஒன்றும் செய்யாது. இடம்பெயர்ந்து திரும்பியபோது தம் வீட்டில் வேறொருவரைக் கண்டவர்களும், வளவுக்கு உறுதிப் பத்திரத்தைக் காட்ட முடியாமல் அலைந்தவர்களும் அந்த வசனத்துக்குக் கைதட்டுகிறார்கள். அதில் பிழை காண எனக்கு மனமில்லை. ஆனால் யன்னலுக்குள் நிற்கும் அந்தத் தாயும் பிள்ளைகளும் வளவுக்கு வெளியே ஓரடி வைக்க முடியாதவர்கள். வீடு அவர்களுக்குச் சொந்தமென்பதும், அவர்கள் வீட்டுக்குச் சொந்தமென்பதும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

வேலையாட்கள் மூவரும் நல்லவர்களா, கெட்டவர்களா?

நல்லவர்கள். அவர்களில் ஒருவரான மில்ஸ் அம்மையார் உண்மையைத் திணிக்காமல், கிரேஸே கண்டுகொள்ளும்வரை காத்திருக்கிறார். அவர் முகத்தில் அடிக்கடி தோன்றும் அந்தச் சிரிப்பு நம்மைப் பிழையான பாதையில் அனுப்புவதற்காக வைக்கப்பட்டது. அந்த ஓரிடத்தில் நெறியாளர் கொஞ்சம் மிகையாக விளையாடிவிட்டார்.

இரண்டாவது தடவை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சத்தத்தை. முதல் தடவை பேயின் ஆரவாரமாகக் கேட்டவை எல்லாம், தளபாடம் இழுக்கும், பியானோ வாசிக்கும், அழும் ஒரு சாதாரணக் குடும்பத்தின் அன்றாடச் சத்தங்களாகக் கேட்கும். விக்டர் என்ற அந்தச் சிறுவன் எவ்வளவு பயந்துபோயிருப்பான் என்பதும் அப்போதுதான் உறைக்கும். முதல் தடவை அவனுக்காக ஒருவரும் இரங்குவதில்லை. அதற்குமேல் ஆனின் வாய்ப்பேச்சைக் கவனியுங்கள். அவள் ஒரு பொய்யும் சொல்வதில்லை. பொய் சொல்கிறாள் என்று படிக்கட்டில் அமர்த்தி வேதப் புத்தகத்தை உரத்து வாசிக்க வைத்துத் தண்டிக்கப்படுபவளும் அவளேதான்.